சிறுவர் நாடகத்திற் காட்சியமைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

நமது கரையோரக் கிராமங்களிலே வாணி விழாவோ, பாடசாலைக் கலை விழாவோ, மன்றத்தின் ஆண்டு நிறைவோ நெருங்கும்போது, சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடகம் மேடையேற்ற வேண்டும் என்ற விருப்பம் எழுவது வழக்கம். கதைக்குக் குறைவில்லை, நடிக்கப் பிள்ளைகளுக்கும் குறைவில்லை, ஒத்திகைக்குக் கோயில் மண்டபம் இருக்கின்றது. ஆயினும் கூட்டத்தில் ஒருவர், "சீனுக்கு எங்கே போவது? வாடகை எவ்வளவு வரும்?" என்று கேட்டவுடன் பேச்சு வேறு திசையிற் சென்றுவிடுகின்றது. நாடகம் அடுத்த ஆண்டுக்கென ஒத்திவைக்கப்படுகின்றது. அதனிடத்திலே, பதிவு செய்த சினிமாப் பாட்டுக்கு ஆடும் நடனம் ஒன்று நிகழ்ச்சி நிரலில் ஏறிவிடுகின்றது.

தீட்டிய திரையும் கட்டிய காட்சியும் இல்லாமல் நாடகம் நடத்தவியலாது என்ற எண்ணமே அக்கேள்விக்கு அடிப்படை. இவ்வெண்ணம் நம்மிடையே எப்பொழுது வந்தது? அதற்கு முன்னர் நம் முன்னோர் காட்டையும் கடலையும் அரண்மனையையும் எவ்வாறு காட்டினர்? சிறுவர் நாடகத்துக்கு உண்மையில் எவ்வளவு காட்சி வேண்டும்? இவற்றை வரலாற்று வழியே ஆராய்ந்து, நம் போன்ற சிறிய மன்றங்களுக்கு உதவும் சில முடிவுகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை அரங்கு

வைகாசி மாதத்திலே குளிர்த்திச் சடங்கு நடைபெறும் கண்ணகை அம்மன் கோயில்கள் நம் கரையெங்கும் உள்ளன. தம்பிலுவிற் கோயிலிலும் காரைதீவுக் கோயிலிலும் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அக்கண்ணகியின் கதையைக் கூறும் சிலப்பதிகாரமே, தமிழர் அரங்கின் அளவை நமக்கு எடுத்துக் கூறும் நூலுமாகும் என்பது பலர் அறியாத செய்தி.

மாதவி ஆடிய அரங்கினை அந்நூலின் அரங்கேற்று காதை விரிவாகக் கூறுகின்றது. அரங்கு 7 கோல் அகலமும், 8 கோல் நீளமும், 1 கோல் உயரமும் உடையது. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் இடைவெளி உண்டு. ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. ஒரு பெருவிரலை ஏறத்தாழ ஓர் அங்குலமெனக் கொண்டால், 14 அடி அகலமும் 16 அடி நீளமும் 2 அடி உயரமும் கொண்ட மேடை கிடைக்கின்றது. நம் ஊர்களில் விழாவுக்கென அடிக்கும் பலகை மேடையின் அளவும் பெரும்பாலும் இதுவே. ஆகவே மேடை சிறிது என்று நாம் குறைப்படுவதற்கு இடமில்லை.

அவ்வரங்கிலே திரைகள் இருந்தன. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படும் ஒருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் வந்து கூடும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என அவை மூவகைப்பட்டன. உட்செல்லவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள் இருந்தன. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதபடி விளக்கு வைக்கப்பட்டது. மேலே ஓவிய விதானமும் முத்துமாலைகளும் அழகு செய்தன. இத்தனையையும் நுணுகிக் கூறும் நூல், காடு தீட்டிய திரை, தெரு தீட்டிய திரை என்று எதனையும் கூறவில்லை என்பது இங்கு நோக்கற்பாலது. மறைப்பதும் காட்டுவதுமே எழினியின் வேலை. இடம் இன்னதென்று காட்டுவது ஆடுவோரின் வேலை.

வடமொழியிலே பரத முனிவரின் நாட்டிய சாத்திரமும் இதனையே வேறு வகையாற் கூறுகின்றது. அரங்கின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோரிடமாகக் கொள்ளப்படும். நடிகர் ஒரு சுற்றுச் சுற்றி நடந்தால் ஓரிடம் விட்டு வேறோரிடம் சென்றார் என்பது பொருள். இவ்விதியை ஏட்டிற் படிக்கவேண்டிய தேவை நமக்கில்லை. மட்டக்களப்புக் கூத்தைக் கண்டவர் எவரும் இதனைக் கண்ணாற் கண்டவரே.

வட்டக்களரியும் தெருவும்

நம் பகுதிக்குரிய வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக்களரியிலே ஆடப்பட்டு வந்தவை. மண்ணிட்டு உயர்த்திய வட்டமான களம், சுற்றிவரக் கம்பங்கள், அவற்றில் விளக்குகள், நான்கு புறமும் மக்கள். நான்கு புறமும் மக்கள் இருக்கும் களத்திலே பின்திரை தொங்கவிட முடியாது. விட்டால் ஒரு பகுதியாருக்குக் கூத்துத் தெரியாது. எனவே களரியின் வடிவமே காட்சித்திரைக்கு இடங்கொடுக்கவில்லை. அரசன் தன் வரவுப் பாட்டினால் தானே தன்னை அறிவிப்பான். களரியைச் சுற்றி ஆடி வந்தால் நாட்டிலிருந்து காட்டுக்கு வந்துவிடுவான். செலவெல்லாம் உடுப்புக்கும் முடிக்கும் மத்தளத்துக்கும் சென்றது.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே ஆண்டுதோறும் நடைபெறும் விழா இதற்கு இன்னுமொரு சான்று. பாரதக் கதை அங்கே பல நாட்கள் நிகழ்த்தப்படுகின்றது. பாண்டவர் வனவாசம் செல்லும் நாளிலே, நாள்தோறும் நாம் சைக்கிளிற் செல்லும் அதே தெருவே வனமாகிவிடுகின்றது. அருச்சுனன் தவநிலைக்குச் செல்லும்போது ஊரே கயிலை நோக்கி நடக்கின்றது. தீப்பாய்தலோடு விழா நிறைவெய்துகின்றது. தெருவோரத்தில் ஒரு மரத்தையேனும் யாரும் தீட்டி வைக்கவில்லை. ஆயினும் அந்நேரத்திலே அது வனமன்று என்று சொல்ல அங்கு நிற்கும் குழந்தைக்குக்கூட மனம் வராது.

சிறுவர்க்கென்றே நம் பகுதியில் வழங்கிய ஆடல் வசந்தன். கையிற் கோலேந்தி, வட்டமாக நின்று, பாட்டுக்கு ஏற்பச் சிறுவர் ஆடுவர். 1940 ஆம் ஆண்டிலே தி. சதாசிவ ஐயர் அவர்கள் இப்பாடல்களைத் தொகுத்து மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு என வெளியிட்டார்கள். வயல் வேலையை ஆடிக் காட்டும் வசந்தனும் அவற்றுள் உண்டு. பிள்ளைகளின் கையிலுள்ள கோலே கத்தியாகும். அவர்கள் குனிந்து நிமிரும் அசைவே வயலாகும். சிறுவர் அரங்கின் காட்சியமைப்புக்கு இதனைவிட எளிய பாடம் வேறில்லை.

தீட்டிய திரை வந்த வழி

இனி, தீட்டிய காட்சித்திரை எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். இத்தாலி நாட்டிலே, தூரத்தை ஓவியத்திற் காட்டும் முறை கண்டறியப்பட்ட பின்னர், அம்முறை அரங்கினுட் புகுந்தது. 1585 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட விச்சென்சா நகரத்து ஒலிம்பிக்கோ அரங்கிலே, நீண்டு செல்வனபோலத் தோன்றும் தெருக்கள் மேடைக்குப் பின்னாற் கட்டப்பட்டன. அவற்றை இன்றும் அங்கே காணலாம். ஐரோப்பிய அரசவைகளில் இம்முறை பரவியது. பின்னர் பொது அரங்குகளுக்கும் சென்றது.

ஆயினும் அதே காலத்தில், 1599 இல் இலண்டன் மாநகரிலே எழுந்த குளோப் அரங்கிற் பகல் வெளிச்சத்திலே, பெரும்பாலும் வெறும் மேடையிலேயே சேக்சுபியரின் நாடகங்கள் நடந்தன. இச்சிறிய மேடையிற் போர்க்களத்தை உங்கள் மனத்தாற் கண்டுகொள்ளுங்கள் என்று அவையோரை வேண்டிக்கொள்ளும் கூற்று ஐந்தாம் என்றி என்னும் நாடகத்தில் உண்டு. காரைதீவு தந்த பெருமகனார் சுவாமி விபுலாநந்தர் 1926 இல் வெளியிட்ட மதங்கசூளாமணி என்னும் நூலிலே, சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாடக இலக்கணத்தை விளக்கியதையும், அரங்கேற்று காதையையும் வடமொழித் தசரூபகத்தையும் அவற்றோடு ஒருங்கே வைத்து ஆராய்ந்ததையும் நாம் நினைவுகூர வேண்டும். நம் கரையிற் பிறந்தவர் ஒருவர், கிழக்கையும் மேற்கையும் ஒரே பந்தியில் அமர்த்திய நூல் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் ஆங்கிலேயரின் மேடை முறையைக் கைக்கொண்டன. சட்டம் போட்ட மேடை, உருட்டி இறக்கும் தீட்டிய திரைகள், இரு மருங்கும் பக்கத் தட்டிகள், திடீரெனத் தோன்றி மறையும் தந்திரக் காட்சிகள் என்பவற்றோடு அவை ஊர் ஊராகச் சென்றன. தமிழகத்துக்கும் வந்தன, அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்புக்கும் வந்தன. சிங்கள நாடகமும் அவ்வழியையே பின்பற்றியது. 1911 இல் மருதானையிலே திறக்கப்பட்ட டவர் மண்டபம் அம்முறைக்கென அமைந்த அரங்கமாகும்.

தமிழகத்திலே தர்பார், தெரு, காடு, நந்தவனம் என்று நான்கைந்து படுதாக்கள் இருந்தால் ஒரு நாடகக் கம்பெனி எந்தக் கதையையும் நடித்துவிடும். அரிச்சந்திரனுக்கும் கோவலனுக்கும் தெரு ஒன்றுதான். வள்ளிக்கும் சத்தியவானுக்கும் காடு ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலே இந்த முறை கொட்டகைக் கூத்து என்றும் ட்றாமா என்றும் பெயர் பெற்றது. நவாப் இராசமாணிக்கம் அவர்களின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபை தன் காட்சிச் சிறப்புக்கே புகழ்பெற்று விளங்கியது. ஆர். எஸ். மனோகர் அவர்களின் இலங்கேஸ்வரன் போன்ற நாடகங்களிலும் மக்கள் காட்சிகளைக் கண்டு வியந்தனர்.

இவ்வோவியர்களின் திறமை சிறிதன்று. நம் வீட்டுச் சாமியறைகளிலே தொங்கும் நாட்காட்டிப் படங்களிற் பலவற்றை வரைந்து புகழெய்திய கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் கம்பெனிக்குப் படுதா தீட்டிய ஓவியரே. நாடகத்தோடு கோவில்பட்டிக்கு வந்த அவர் அங்கேயே தங்கிவிட்டார். நாடகக் கொட்டகைத் திரையிலே நின்ற தெய்வங்கள் நம் சுவர்களுக்கு வந்த வழி இதுவாகும். ஆகவே தீட்டிய திரையை இகழ்வது நம் கருத்தன்று. அது எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதன்று என்பதே கேள்வி.

இக்கம்பெனிகளிற் பல, சிறுவர்களாலேயே ஆனவை என்பதையும் இங்கு கூறவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையிலே 1918 இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளிற் புகழ்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் அதிலே சேர்ந்தபோது, அவர்களுள் ஒருவரான சண்முகத்துக்கு வயது ஆறுதான். பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய இக்குழுக்களிலே பிள்ளைகள் நடித்தது பெரியோரின் நாடகங்களை. நின்றது பெரியோருக்கென அளவிட்ட திரைகளின் முன்னே. பிள்ளைகளின் குரலும் நினைவாற்றலும் அங்கே வியக்கத்தக்க வகையில் வளர்ந்தன. ஆனால் அவர்கள் தாமாகக் கற்பனை செய்து விளையாடும் அரங்காக அது அமையவில்லை. சிறுவர் நடித்த நாடகம் வேறு. சிறுவர் நாடகம் வேறு.

திரையை விலக்கியவர்கள்

தீட்டிய திரை ஓங்கி நின்ற காலத்திலேயே அதனை மறுத்தவர்களும் தோன்றினர். 1902 இல் கவி இரவீந்திரநாத தாகூர் வங்காள மொழியில் ரங்கமஞ்ச என்னும் கட்டுரையை எழுதினார். நாடகம் காண வருவோருக்குக் கற்பனை இல்லையென்று எண்ணுபவரே மரத்தையும் மலையையும் சீலையில் தீட்டி வைப்பர் என்பது அவர் கருத்தின் சாரம். நாட்டு மக்களின் சாத்திராக் கூத்திலே ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையிலுள்ள நெருக்கத்தை அவர் போற்றினார். சாந்திநிகேதனத்து மாணவர்கள் நடிப்பதற்கென அவர் எழுதிய சாரதோற்சவம் 1908 இல் அங்கே நடிக்கப்பட்டது. சரத்காலத்தின் வெளியும் வானுமே அந்நாடகத்தின் களம்.

கீழை நாடுகளிலே இக்கருத்து என்றுமே அழியவில்லை. யப்பானிய நோ அரங்கிலே எல்லாக் கதைக்கும் பின்பலகையில் ஒரே பைன் மரந்தான் தீட்டியிருக்கும். சீனரின் பழைய இசை நாடகத்திலே ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் அரண்மனையாகும், மலையாகும், பாலமாகும், மதிலாகும். நம் தமிழகத்துத் தெருக்கூத்திலே இருவர் பிடித்து நிற்கும் ஒரு துணி, வேடக்காரன் வெளிப்படும்வரை அவனை மறைத்து, காண்போரின் ஆவலைப் பெருக்கிவிடும்.

இலங்கையிலே இம்மாற்றத்தைக் கொணர்ந்தது 1956 நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறிய மனமே என்னும் சிங்கள நாடகம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, நாடகம என்னும் சிங்களக் கூத்தையும் யப்பானிய அரங்கையும் ஆராய்ந்து அதனை ஆக்கினார். தீட்டிய காடு அங்கே இல்லை. வேடர் ஆடிய ஆட்டத்திலே காடு தோன்றியது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் நம் மட்டக்களப்புக் கூத்துக்களைச் செப்பனிட்டு, கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலிவதை (1968) என மேடையேற்றினார்கள். களரி மேடைக்கு மாறியது. விடிய விடிய நடந்த கூத்துச் சில மணி நேரத்தில் அடங்கியது. ஆயினும் ஆட்டமும் பாட்டும் மத்தளமுமே நாடகத்தைத் தாங்கின. படித்தவர் பின்தங்கியது என்று ஒதுக்கிய நம் ஊர்க் கலை, நாட்டின் தலைசிறந்த கலைகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

சிறுவர்க்கென ஓர் அரங்கு

ஈழத் தமிழரிடையே சிறுவர் அரங்கு உருப்பெற்றது இவ்வழியின் தொடர்ச்சியாகவே. 1978 இல் யாழ்ப்பாணத்திலே நாடக அரங்கக் கல்லூரி தோன்றக் காரணராயிருந்த குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025) அவர்கள் எழுதிய கூடி விளையாடு பாப்பா அத்துறையில் முன்னோடி நாடகமாகும். பேராசிரியர் சி. மௌனகுரு அவர்கள் தப்பி வந்த தாடி ஆடு முதலிய சிறுவர் நாடகங்களை ஆக்கினார்கள். ஆடும் நரியும் முயலும் மரமும் பேசும் உலகம் அது. அவ்வுலகிலே மரம் வேண்டுமானால் ஒரு பிள்ளை கையை விரித்து நின்றாற் போதும். காற்றடித்தால் அந்த மரம் அசையும். கோபம் வந்தாற் பேசும். பலகையில் வெட்டிய மரம் அதனைச் செய்யுமா? அன்றியும், பலகை மரத்தை வைத்தால் ஒரு பிள்ளைக்கு நாடகத்தில் இடமில்லாமற் போகின்றது. பிள்ளையே மரமானால் இடம் ஒன்று கூடுகின்றது.

சிறுவர் நாடகம் எத்துணைப் பெரிய பொருள் என்பதற்கு உலக வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும். தாகூரின் டாக்கர், அதாவது தபால் நிலையம், நோயினால் வீட்டை விட்டு வெளியேற முடியாத அமல் என்னும் சிறுவனின் கதை. அவன் சாளரத்தருகே இருந்து தெருவிற் போவோரோடு பேசுகின்றான். அரசனிடமிருந்து தனக்கு ஒரு கடிதம் வருமென்று காத்திருக்கின்றான். இந்நாடகம் கேட்கும் காட்சி ஒரு படுக்கையும் ஒரு சாளரமுமே.

1942 ஆம் ஆண்டிலே போலந்து நாட்டு வார்சா நகரில், யூத மக்களை நாசியர் மதிலெழுப்பி அடைத்து வைத்திருந்தனர். அங்கே அனாதைப் பிள்ளைகளைப் பேணிவந்த யானுஸ் கோர்சாக் என்னும் வைத்தியர், யூலை 18 ஆம் நாள் தம் பிள்ளைகளைக் கொண்டு இந்நாடகத்தை நடிக்கச் செய்தார். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலே நாசியர் அப்பிள்ளைகளை இரெபிளிங்கா என்னும் கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றனர். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் கோர்சாக் அவர்களை விட்டுப் பிரியாது உடன் சென்று உயிர்நீத்தார். உண்ண உணவின்றி, மதிலுக்குள் அடைபட்டிருந்த நாட்களிற்கூட அப்பெரியார் பிள்ளைகளுக்கு நாடகம் தேவையென்று கருதினார். சாளரத்துக்கு அப்பால் ஓர் உலகம் உண்டு என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றலை அவர்களிடமிருந்து பறிக்க அவர் விடவில்லை.

நம் கரையும் துன்பம் அறியாததன்று. 1978 நவம்பர் மாதத்துச் சூறாவளியும், நீண்ட போரும், 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலையும் கண்ட மண் இது. அப்பேரலையிலே அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய மண்ணிலே வளரும் பிள்ளைகள் தம் மனத்தில் உள்ளதை ஆடியும் பாடியும் வெளிப்படுத்த ஒரு மேடை வேண்டும். சீன் வாடகைக்குக் காசில்லை என்ற காரணத்தால் அம்மேடை அவர்களுக்கு மறுக்கப்படுமானால், அது பெரியோராகிய நமக்குத் தகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கைக்கெட்டிய பொருள்கள்

வரலாறு காட்டும் வழியைப் பின்பற்றினால் எளிய காட்சியமைப்புக்குச் சில நெறிகள் தாமே கிடைக்கின்றன.

முதலாவது, பின்திரை ஒன்றே போதும். அதில் எதுவும் தீட்ட வேண்டியதில்லை. கருநீலமோ கருமையோ சேர்ந்த ஒரே நிறத்துணி முன்னால் நிற்கும் பிள்ளைகளைத் தெளிவாகக் காட்டும். அயலிலுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். அங்கே நெய்த துணியை மூட்டித் தைத்து ஒரு முறை திரை செய்துகொண்டால் மன்றத்துக்குப் பல ஆண்டு உழைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலே திரை பாய்மரம்போலப் புடைத்து மேடையையே இழுத்துவிடும். திரையின் அடிமடிப்பை உறைபோலத் தைத்து உள்ளே மணல் இட்டால் அது அடங்கி நிற்கும்.

இரண்டாவது, ஓரிடத்தைக் காட்ட ஒரு பொருள் போதும். கடற்கரைக்கு ஒரு துடுப்பு. வயலுக்கு ஒரு சுளகு. அரண்மனைக்குப் பட்டு விரித்த ஒரு கதிரை. வீட்டுக்கு ஒரு பன்பாய். அப்பொருளைப் பிள்ளை கையால் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது முக்கியம். பயன்படாது நிற்கும் பொருள் மேடையில் இடத்தை அடைப்பதோடு சரி.

மூன்றாவது, காட்சி மாற வேண்டுமாயின் முப்பட்டைத் தட்டியைக் கையாளலாம். பண்டைக் கிரேக்க அரங்கிலே முக்கோணமாக நிற்கும் தட்டிகள் இருந்தன என்றும், அவற்றைத் திருப்பினால் வேறு காட்சி தோன்றும் என்றும் உரோம நாட்டுக் கட்டிடக் கலைஞர் வித்துருவியர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்துள்ளார். 2 அடி அகலமும் 5 அடி உயரமும் கொண்ட மூன்று மூங்கிற் சட்டங்களை முக்கோணமாகக் கட்டி, சாக்குத் துணி போர்த்து, ஒரு பக்கத்திற் காடும், ஒரு பக்கத்தில் வீடும், ஒரு பக்கத்திற் கடலும் தீட்டினால், இரண்டு பிள்ளைகள் அதனைத் திருப்பிவிடலாம். திரையை மூடாமல், அவையோர் காணவே திருப்பலாம். சிறுவர் அவையினர் அதனையும் நாடகத்தின் ஒரு பகுதியாகவே கண்டு கைதட்டுவர். எத்தட்டியும் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ப இருத்தல் வேண்டும். பத்தடித் தூணின் அருகே எட்டு வயதுப் பிள்ளை நின்றால் தூண்தான் தெரியும்.

நான்காவது, நிறங்கள். காவிக்கல், அடுப்புக்கரி, சுண்ணாம்பு, மஞ்சள் என்பன எல்லா வீட்டுக்கும் எட்டியவை. மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்ந்தாற் சிவக்கும் என்பதை ஆலாத்தி எடுக்கும் எந்த வீட்டாரும் அறிவர். இவற்றைக் கோதுமை மாப்பசையிற் குழைத்துச் சாக்கிலே பூசினால் நன்கு பிடிக்கும். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் வேலைக்கு ஆகாது. சுண்ணாம்பைப் பெரியவரே கரைத்துக் கொடுத்தல் வேண்டும். கோடுகள் பெரியனவாக இருக்கட்டும். கடைசிப் பாயில் இருப்பவருக்குத் தெரியாத நுணுக்கம் வீணே. தென்னோலையும் கமுகம் பாளையும் அழகு தரும். ஆயினும் குத்துவிளக்குக்கும் சூட்டு விளக்குகளுக்கும் அருகே அவற்றைக் கட்டுதல் ஆகாது.

ஐந்தாவதும் முதன்மையானதும் யாதெனில், இவற்றைப் பிள்ளைகளே செய்யவேண்டும். மேடையிற் பேசக் கூச்சப்படும் பிள்ளை தட்டிக்கு நிறம் பூசுவதில் முன்னிற்பான். தந்தையின் தோணியைக் கண்டு வளர்ந்தவனுக்குத் தோணியின் வளைவு எப்படியென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாயிழைக்கும் பாட்டிக்கும், தச்சு வேலை அறிந்த மாமாவுக்கும் நாடகத்திலே பங்கு வந்துவிடும். இக்காலத்திலே கணினியில் அச்சிட்ட பெரும் பதாகையைப் பின்னாற் கட்டுவது எளிதாகிவிட்டது. கடையில் அச்சிட்ட காட்டிலே பிள்ளைகளின் கைவேலை எதுவும் இல்லை. விழா முடிந்தபின் அது வேலிக்கோ கோழிக்கூட்டுக்கோ போய்ச் சேரும். பிள்ளைகள் பூசிய தட்டியோ அடுத்த ஆண்டும் அவர்கள் தேடி வந்து திருத்திப் பூசும் உடைமையாகிவிடும்.

முடிவுரை

தீட்டிய பெருந்திரை நம் நாடகத்தோடு உறவுகொண்ட காலம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டே. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் நம் முன்னோர் ஆட்டத்தாலும் பாட்டாலும் ஒரு முழத் துணியாலும் உலகங்களைப் படைத்தனர். பெருந்திரையின் இடத்தைச் சினிமா எடுத்துக்கொண்டபின், அதனோடு போட்டியிடச் சிறுவர் மேடையால் இயலாது. இயலவேண்டிய தேவையும் இல்லை. மண்ணிற் பிடித்து வைத்த மஞ்சளையே பிள்ளையாராகக் கண்டு வணங்கும் மரபினர் நாம். எளிய பொருளிலே பெரிய பொருளைக் காணும் பயிற்சி நம் பிள்ளைகளுக்குத் தொட்டிற் பருவத்திலேயே கிடைத்துவிடுகின்றது.

இளைஞர்களே! அடுத்த விழாவுக்குரிய கூட்டத்தில் "சீனுக்கு எங்கே போவது?" என்ற கேள்வி எழுமானால், வாடகைக் கடையின் பெயரைச் சொல்லாதீர்கள். ஒரு திரையும், மூன்று சட்டங்களும், பத்துப் பிள்ளைகளும் இருக்கின்றார்கள் என்று சொல்லுங்கள். பெரியோர்களே! விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே பிள்ளைகளை அழைத்து, உங்கள் முற்றத்தில் அவர்கள் சாக்கு விரித்து நிறம் பூச இடங்கொடுங்கள். முற்றம் அழுக்காகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். கதையை அவர்கள் அறிவார்கள். காட்டையும் கடலையும் அவர்களே காட்டிவிடுவார்கள். எடுத்த காரியம் இடையூறின்றி நிறைவேற ஊருக்குப் பெயர் தந்த விநாயகப் பெருமான் திருவருள் புரிவாராக.